சம்பந்திகள் நனைந்த விவரம்

அன்பு மகள் தெல்ஃபீனாவுக்கு,

காஸ்தெல்விரானோவிலிருந்து உன் அப்பா ஒரெஸ்தே எழுதும் கடிதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் இடது காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது இன்னும் மூன்று வாரம் மாவுக்கட்டில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீயும் மாப்பிள்ளை ருஜ்ஜேரோவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

இதை ஏன் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் "அப்பா, ஐயோ அப்பா" என்று குறுக்கிடுவாய், பாதி விஷயம் விட்டுப்போகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஆகவே முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளவும்.

சென்ற மாதம் நீ சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. ருஜ்ஜேரோவின் அப்பா அம்மாவுக்கு உங்கள் கல்யாணத்தை அவர்கள் பக்கத்து ஏரிக்கரை ஓட்டலில் நடத்தத்தான் ஆசை. ஆனாலும் ஒரு தடவை நம் ஊருக்கு வந்து பார்க்கிறார்கள், பிடித்திருந்தால் சான் வீத்தோ கோயிலில், பிடிக்காவிட்டால் ஏரிக்கரையில் என்று முடிவு. என் ஆசை என்னவென்று உனக்குத் தெரியும். நம் ஊர் வழக்கப்படி மணப்பெண் தன் வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போக வேண்டும், வழியெல்லாம் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். நம் வீட்டிலிருந்து சரியாக முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. அவர்களுக்கு ஊர் பிடிக்க வைக்கும் இத்தனை பெரிய பொறுப்பை அம்மா இருக்கும்போது என்னிடம் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அவள் எதிர்வீட்டுப் பூனையைத் திட்டப் போய்ப் படியில் சறுக்கினதால்தான், ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சம்பந்திகள் டூரினிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி உபால்தோ மரியாதையான மனிதர்தான், ஆனால் நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர் இல்லையா, பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறார். எனக்குப் பின்பக்கத்தில் இரண்டு கடைவாய்ப் பல் இல்லாததால் முதல் ஒரு மணி நேரம் நான் சிரிக்கவே இல்லை. "இவர் ஏன் இவ்வளவு கடுகடுன்னு இருக்கார்"னு அவங்க நினைச்சிருப்பாங்க. சம்பந்தியம்மா க்ளோதில்தே வெள்ளை நிற உடை, முத்துமாலை, அன்று காலையிலேயே அலங்காரக் கடைக்குப் போய் முடி அலங்காரம் செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தார். உன் அம்மா சோபாவில் காலை நீட்டினபடி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னாள்: ஜாக்கிரதை.

முதலில் கோயில். மற்றது எல்லாம் எப்படிப் போனாலும் கோயிலைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று எனக்கு நிச்சயம். உனக்கே தெரியும், நம்ம ஃபாதர் நாலு ஊருக்குச் சேர்த்து ஒரே ஆள், நம்ம ஊருக்கு மாசத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார், மற்ற நாளெல்லாம் கோயில் சாவி எர்சிலியாவிடம். அந்த எர்சிலியா என்னோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. காட்டுப்பன்றிக் குழம்புப் போட்டியில் நான் நடுவராக உட்கார்ந்து அவளுக்கு இரண்டாம் பரிசும் உன் அம்மாவுக்கு முதல் பரிசும் கொடுத்த நாளிலிருந்து பேச்சில்லை. நான் என்ன செய்வது, அம்மா குழம்புதான் நன்றாக இருந்தது. நன்றாக இல்லாவிட்டாலும் நான் அன்று இரவு வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும். சரி, அதை விடு. சம்பந்திகளை நம் எதிர்வீட்டில் அவள் ஜன்னலுக்குக் கீழே நிறுத்திவிட்டு, பொதுவாக வானத்தைப் பார்த்து, "கோயில் சாவி வேணும்னு டூரின்லேர்ந்து விருந்தாளிங்க வந்திருக்காங்க" என்று சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலிலிருந்து கயிற்றில் கட்டின கூடை மட்டும் இறங்கி வந்தது, அதற்குள்ளே பெரிய பழைய இரும்புச் சாவி, சிவப்பு ரிப்பன் வேறு. சம்பந்தியம்மா, "ஆஹா, எவ்வளவு அழகான வழக்கம்!" என்று கை தட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்பது வருஷக் கோபமானாலும் ஊர் மானம் என்று வந்தால் எர்சிலியா விட்டுக்கொடுக்க மாட்டாள் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. திருப்பிப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன், கடைசியில் தோளால் தள்ளியும் பார்த்தேன். கால் மணி நேரம் ஆச்சு. திரும்பப் போய் அவளிடம் கேட்க எனக்கு ரோஷம். அதனால என்ன செய்தேன்னா, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "உண்மையில் எங்கள் கோயிலில் பார்க்க வேண்டியது இந்தக் கதவுதான்" என்று ஆரம்பித்துவிட்டேன். சம்பந்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எந்த நூற்றாண்டு?" என்றார். "பழசு." "பழசுன்னா எவ்வளவு பழசு?" "எங்க தாத்தாவுக்கெல்லாம் முன்னாடி. நாங்க வார்னிஷ் மட்டும்தான் அடிச்சோம்." அந்தக் கதவைப் பற்றியே இருபது நிமிஷம் பேசினேன் தெல்ஃபீனா, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு சரித்திரம் சொன்னேன், எல்லாம் என் சொந்தச் சரக்கு, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஒரு ஓட்டையை நெப்போலியன் படை சுட்டதுன்னு சொன்னேன், அது போன வருஷம் மின்சாரக்காரன் போட்ட ஓட்டை. சம்பந்தி அந்த ஓட்டையில் விரலை விட்டு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தெருவின் அந்தக் கோடியில் ஜன்னலிலிருந்து எர்சிலியாவின் குரல், ஊரே கேட்கிற மாதிரி: "ஒரெஸ்தே! கோழிக்கூடு திறந்தாச்சுன்னா அப்படியே முட்டை இருந்தா எடுத்துட்டு வந்துடு!"

எனக்கு உயிர் போய்விட்டது. சம்பந்தியம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நம் கோயிலில் கல்யாணம் வைக்கலாமா என்று பார்க்க ஐந்நூறு கிலோமீட்டர் வந்தவர்களுக்கு நான் காட்டினது ஒரு மூடின கதவும் ஒரு கோழிக்கூட்டுச் சாவியும்.

சரி, ரோமர்களுக்கும் முன்னால் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்களின் கல்லறையைக் காட்டி இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று என் மாமா மகன் நத்சரேனோவின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாயிரத்தைந்நூறு வருஷக் கல்லறை, பாறையைக் குடைந்தது, எந்த ஓட்டலில் இருக்கிறது இது? ஆனால் அவன் அங்கே உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடைகளைத் தொங்கவிட்டிருக்கிறான் என்பது என் புத்தியில் தோன்றவே இல்லை, ஏன்னா நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே வச்சிருக்கோம். சம்பந்தியம்மா தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தவுடன் ஒரு தொடை அவர் நெற்றியில் இடித்தது. "பயப்படாதீங்கம்மா, அது நம்ம ஆளுதான்" என்றான் நத்சரேனோ. சம்பந்தி, "இங்கே புதைக்கப்பட்டிருந்தது யார்?" என்று கேட்டதற்கு, "தெரியலீங்க, ஆனா நல்லா எடம் பார்த்து வாங்கியிருக்கான், கோடையிலகூட என்னா குளிர்ச்சி பாருங்க" என்றான். நான் கிளம்பலாம் கிளம்பலாம் என்று கண்ணைக் காட்டினேன். எங்கே விட்டான்? "வந்தவங்க வெறும் வயித்தோட போனா உள்ளே இருந்த மனுஷன் கோவிச்சுக்குவான்" என்று சொல்லி, கல்பலகையைத் துடைத்து, ரொட்டியும் பன்றித்தொடையும் பச்சை வெங்காயமும் அவன் வீட்டுச் சிவப்பு ஒயினும் வைத்துவிட்டான். பிணம் படுத்திருந்த பலகையில் உட்கார்ந்து நாலு பேரும் ஒன்றரை மணி வரைக்கும் சாப்பிட்டோம். சம்பந்தி மூன்றாவது கிளாஸில் நத்சரேனோவின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்துவிட்டு, "பிரமாதமான பல்" என்று தோளில் தட்டினார்.

வீட்டில் அம்மா என்ன செய்து வைத்திருந்தாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒற்றைக் காலில் நின்று, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே அடுப்படிக்கும் மேஜைக்கும் நடந்து, நாலு வகை சமைத்து வைத்திருந்தாள். கையால் திரட்டின பாஸ்தா, முயல் வறுவல், அடைத்த கத்தரிக்காய், இன்னும் என்னவோ. நான் சம்பந்திகளிடம் வாசலிலேயே காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்: "சாப்பிட்டோம்னு மட்டும் சொல்லிடாதீங்க." பாவம், இரண்டு பேரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தட்டையும் முடித்தார்கள். சம்பந்தி முயலுக்கு நடுவில் மேஜைக்குக் கீழே கையை விட்டு இடுப்பு வாரைத் தளர்த்தினது எனக்குத் தெரிந்தது. அம்மா என் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள். "ஏங்க, நத்சரேனோ வீட்டுக்குப் போனீங்களா?" "கல்லறைக்குத்தான் போனோம்." "கல்லறையில வெங்காய வாசனை அடிக்குமா?" நான் அதுக்கு மேல ஒரு வாய் சாப்பிடல.

அன்று ராத்திரி அவர்கள் நம் வீட்டிலேயே தங்கினார்கள். புதன்கிழமை கடைசி நம்பிக்கை. நம்ம அருவி. கனூத்தா, நரைத்தவள் என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்களே, அவளைப் பார்த்தால் எந்த ஏரி நிற்கும்? மின்நிலையம் வந்ததிலிருந்து அவள் தண்ணீரெல்லாம் குழாயில்தான் ஓடுகிறது, பகல் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் மதகைத் திறந்தால்தான் அருவி. அந்த மதகுக்கு முப்பத்தோரு வருஷம் ஆளாக இருந்தவன் உன் அப்பன். ஊரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம், அருவியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்ற திமிர் எனக்கு. எனக்கப்புறம் வேலைக்கு வந்தவனுக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லி வைத்தேன்: "நாளைக்கு எங்க சம்பந்திங்க வர்றாங்கப்பா. தினமும் திறக்கிற மாதிரி கஞ்சத்தனம் பண்ணாதே. முழுசாத் திற." அவன், "முழுசாவா அண்ணே? நெசமாவா?" என்றான். "நான் சொல்றேன், திறடா" என்றேன்.

அருவிக்குக் கீழே பார்க்கிற மேடை மூன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் கீழ் மேடைக்கு, அதிலும் முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் மழைக்கோட்டு வாடகைக்கு விடுகிற பெண்மணி மூன்று கோட்டை நீட்டினாள். "நாங்க இந்த ஊர்க்காரங்கம்மா, எங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சம்பந்தியிடம் சொன்னேன், "இங்கே ஒரு சொட்டு படாது, முப்பத்தோரு வருஷ அனுபவம்." இப்போது நீ கேட்பாய், அது எப்படி அப்பா உங்களுக்குத் தெரியாமல் போகும் என்று. கண்ணு, எனக்கு எப்படித் தெரியும்? நான் முப்பத்தோரு வருஷமும் மேலே இருந்தேன். சைரன் மூன்று தடவை அடிப்பேன், மதகைத் திறப்பேன், சத்தம் கேட்கும், நேரம் முடிந்தால் மூடுவேன், சாப்பிடப் போவேன். அருவி ஓடுகிற நேரமெல்லாம் நான் மேலே. நான் கீழே இறங்கும் நேரமெல்லாம் அருவி இல்லை. வேலை விட்ட பிறகு போய்ப் பார்த்திருக்கலாம், முழங்கால் வலி, அதோட நம்ம ஊர்ல இருக்கறதை நாம என்னிக்குப் போய்ப் பார்த்தோம்?

சைரன் மூன்று தடவை அடித்தது. முதலில் பாறை உச்சியில் வெள்ளையாக ஒரு கோடு. சம்பந்தியம்மா, "ஓ, அழகு" என்றார். அவ்வளவுதான் தெல்ஃபீனா, அந்தச் சொல்லை அவர் முடிக்கக்கூட இல்லை. மலை இடிந்து மேலே விழுகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு காற்று, அதுக்குப் பின்னாலேயே தண்ணி. தூறல் இல்லை, சாரல் இல்லை, பத்து ஆள் குடம் குடமாத் தூக்கி மூஞ்சியில அடிக்கிற மாதிரி. சம்பந்தியின் தொப்பி பறந்து ஆற்றில் விழுந்து ரோமாபுரிப் பக்கம் போயே போய்விட்டது. சம்பந்தியம்மாவின் முடி கழுத்தில் ஒட்டிக்கொண்டது, வெள்ளை உடையை நான் பார்க்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன். மேல் மேடையில் கோட்டுப் போட்ட ஜெர்மன்காரர்கள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள்.

அவங்களைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடி வந்திருக்கணும் நான். மன்னிப்பாவது கேட்டிருக்கணும். என்ன பண்ணேன் தெரியுமா? அப்படியே நின்னேன். வாயைத் திறந்துக்கிட்டு, பல் இல்லாத வாயை, பல் டாக்டருக்கு முன்னாடி, மேலேயே பார்த்துக்கிட்டு நின்னேன். அம்மாடி, அது அவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியாது. நான் திறந்து விட்டது இதையா? தினமும் ரெண்டு வேளை, ஒரு கையால, இன்னொரு கையில சாண்ட்விச்சை வச்சுக்கிட்டு? நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப பள்ளிக்கூடத்துல அருவிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, சாயங்காலம் ஓடி வந்து என் மடியில ஏறி, "அப்பா, இன்னிக்கு நீ அனுப்பின தண்ணி என் மூஞ்சியில பட்டுச்சு"ன்னு சொன்னே. நான் என்ன சொன்னேன்? "சரி சரி, சூப்பு ஆறிடும், குடி"ன்னேன். அது எனக்கு நேத்திக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் புரிஞ்சுது. அழுதுட்டேன். எல்லா மூஞ்சியும் ஈரமா இருந்ததால யாருக்கும் தெரியலைன்னு நினைக்கிறேன். சம்பந்தியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் சம்பந்தியிடம் அவர்கள் ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னார், எனக்கு அது புரியாது, திட்டுதான் வேறென்ன. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தண்ணீர் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா அம்மாவின் பூப்போட்ட கவுனையும், சம்பந்தி என் பைஜாமாவையும் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். என் பைஜாமா அவருக்கு முழங்கால் வரைதான். நாலு மணிக்கு அப்படியே காரில் ஏறினார்கள், ஈர உடையெல்லாம் ஒரு பையில். கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் "நன்றி, ஒரெஸ்தே" என்றார், அவ்வளவுதான். அந்த "நன்றி"க்கு என்ன அர்த்தம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே மகளே, ஏரிக்கரை ஓட்டலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் வசதி. நம் தெருவெல்லாம் கல் பெயர்ந்து கிடக்கிறது, உன் செருப்புக் குதிகால் மாட்டிக்கொள்ளும். ஓட்டல் என்றால் கம்பளம் விரித்திருப்பார்கள், மிஞ்சிப் போனால் பன்னிரண்டு அடி இருக்கும், என் முழங்காலுக்கும் நல்லது. நான் நல்ல சூட்டைப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்துவிடுகிறேன். சம்பந்திகளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். தொப்பி என்ன அளவு என்று கேட்டு எழுது.

நீ எங்கே வாழ்க்கைப்பட்டாலும், எந்தக் கரையில் மாலை மாற்றினாலும், சான் வீத்தோ உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் பார்த்துக்கொள்வார். ருஜ்ஜேரோவுக்கு என் ஆசீர்வாதம். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். இன்னும் சொல்லவில்லை, ஆனால் சொல்லுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஒரெஸ்தே

பின்குறிப்பு:

தெல்ஃபீனா, இது அம்மா. உங்கப்பா தபால்தலை வாங்கக் கடைக்குப் போயிருக்கார். கடிதத்தை ஒட்டாம மேஜையில வச்சுட்டுப் போனார், படிச்சேன். அவர் எழுதினதுல கோழிக்கூடும் கல்லறையும் அருவியும் நிஜம். மத்ததை நம்பாதே.

முந்நூத்துப் பன்னிரண்டு அடின்னு அவருக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சியா? பத்து நாளா விடிஞ்சதும் எழுந்து, நல்ல ஷூவை மாட்டிக்கிட்டு, வலது கையை மடக்கி வச்சுக்கிட்டு, பக்கத்துல நீ வர்ற மாதிரியே மெதுவா நடந்து கோயில் வாசல் வரைக்கும் போயிட்டு வர்றார். பெயர்ந்த கல் வர்ற இடத்துல நின்னு, "பார்த்து, பார்த்து"ங்கிறார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. ஊருக்கே தெரியும். ரொட்டிக்கடைக்காரர் அந்த நேரம் வேணும்னே உள்ள போயிடறார், இவருக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு.

புதன்கிழமை காலையில நம்ம வீட்டு ஜன்னலைத் திறந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துட்டாங்க. எதிர் ஜன்னல்ல எர்சிலியா. "அவர் என்ன பண்றார்?"னு இவங்க கேட்டாங்க. எர்சிலியா சொன்னா பாரு: "பொண்ணைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறார். பொண்ணு இன்னும் வரலை, அவ்வளவுதான். எனக்கு ரெண்டாம் பரிசு குடுத்த மனுஷன், ஆனா இதைப் பார்த்த நாள்லேர்ந்து என்னால திட்ட முடியலை." அப்புறம் சரியான சாவியைக் கூடையில இறக்கினா. அவர் பின்வழியா சுத்திக்கிட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள சம்பந்தியம்மா தனியாப் போய்க் கோயிலைப் பார்த்துட்டு வந்து, அடுப்படியில என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. காபி குடிச்ச கப்பைத் தானே கழுவி வச்சாங்க. அருவியில நனைஞ்சு வந்து தலையைத் துவட்டும்போதுதான் சொன்னாங்க, "ஓட்டல் வேண்டாம் அல்பினா. எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம். ஆனா அவர்கிட்ட நாம சொல்லக் கூடாது, அவர் அதைப் பொண்ணு வாயாலதான் கேக்கணும்." சத்தியம் வாங்கிட்டாங்க. அதனாலதான் காரில ஏறும்போது யாரும் ஒண்ணும் பேசலை. ஒரு நாள் முழுக்க இந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன், கால் வலியைவிட அது பெரிய வலி.

இந்தக் கடிதம் கிடைச்ச உடனே போன் போடு. காலையில எட்டு மணிக்கு மேல போடு, நடந்து முடிச்சு வந்திருப்பார். எடுத்த எடுப்பில சொல்லிடாதே. முதல்ல உட்காரச் சொல்லு.